தாலமியின் யானைப் படை: வாங்குவதா, வளர்ப்பதா, காட்டில் பிடிப்பதா?

கி.மு. 282இல் எகிப்தைத் தனித்து ஆளத் தொடங்கிய இரண்டாம் தாலமியின் கொட்டாரத்தில் யானைகள் இருந்தன. ஆனால் அவை மூப்பை நெருங்கிக்கொண்டிருந்தன. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, கி.மு. 312இல், காசாவில் நடந்த போரில் எதிரித் தளபதி டிமிட்ரியஸ் களமிறக்கிய 43 யானைகளில் எஞ்சியவற்றைத் தாலமியின் தந்தை முதலாம் தாலமி கைப்பற்றியிருந்தார். அந்தப் போரில் இந்தியப் பாகர்களில் பெரும்பாலோரை அம்பெய்து வீழ்த்திய பிறகே யானைகள் பிடிபட்டன என்று கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதுகிறார். ஆகவே எகிப்துக்கு யானை கிடைத்தபோதே, அதை நடத்தத் தெரிந்தவர்களில் பலர் இறந்துபோயிருந்தனர். இதற்கு நேர் எதிரே, சிரியாவை ஆண்ட செலூக்கியர்களுக்கு இந்தியாவின் வாசலே திறந்திருந்தது. சந்திரகுப்த மௌரியருடன் செய்த உடன்படிக்கையில் செலூக்கஸ் பெற்ற யானைகளின் எண்ணிக்கை 500 என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ தருகிறார், கி.மு. 301இல் இப்சஸ் போரை முடித்துவைத்ததும் அந்த யானைகளே.

எதிரியிடம் யானை இருக்கையில் தன்னிடம் இல்லாமல் போரிடுவது அந்தத் தலைமுறை அரசர்களுக்கு நினைத்துப் பார்க்க முடியாததாக இருந்தது. பழக்கப்படாத குதிரை யானையின் வாடைக்கே மிரளும் என்பதால், யானையுள்ள படைக்கு முன் குதிரைப்படை பாதி செயலற்றுப்போகும். எனவே தாலமியின் முன் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்ப்பது, யானைப் படை என்பது உண்மையில் என்ன விலைக்குக் கிடைத்தது என்பதைப் புரிந்துகொள்ள உதவும். இந்த ஒப்பீட்டில் என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காட்டில் யானைக்குப் பஞ்சமில்லை, பஞ்சமெல்லாம் பாகனுக்கும் பயிற்சிக்கான ஆண்டுகளுக்கும்தான்.

இந்தியாவிலிருந்து வரவழைப்பதே முதல் வழி. ஏற்கெனவே பழக்கிய, போருக்குத் தயாரான யானை, தன் பாகனோடு வந்து சேரும் என்பது இதன் பெரிய நன்மை. ஆனால் சிரியாவிலிருந்து பாக்ட்ரியா (இன்றைய வட ஆப்கானிஸ்தான் பகுதி) வரை நிலவழி முழுவதும் செலூக்கியர் கையில் இருந்தது. கி.மு. 273ஐ ஒட்டி பாக்ட்ரியாவின் ஆளுநர் 20 யானைகளைத் தம் அரசருக்கு அனுப்பிவைத்ததைப் பாபிலோனின் வானியல் குறிப்பேடு பதிவுசெய்திருக்கிறது. அதே வழியில் எகிப்துக்கு ஒரு கன்றுகூடப் போயிருக்காது. கடல்வழியோ, பருவக்காற்றைப் பிடித்து நடுக்கடலைக் கடக்கும் வித்தையை கிரேக்க மாலுமிகள் கற்காத காலம் அது. நாளொன்றுக்கு 150 கிலோ அளவுக்குப் பசுந்தீவனமும் 100 லிட்டருக்கு மேல் தண்ணீரும் கேட்கும் ஒரு விலங்கை, அரேபியப் பாலைவனக் கரையை ஒட்டி வாரக்கணக்கில் ஏற்றிவருவது நடைமுறைக்கு ஒத்துவராது. இலங்கையின் யானைகள் இந்திய யானைகளைவிடப் பெரியவை, போர்க்குணம் மிக்கவை என்று அலெக்சாந்தருடன் வந்த ஒனசிக்ரிடஸ் சொன்னதாகவும், அவை கப்பலேற்றப்பட்டுக் கலிங்க மன்னனுக்கு விற்கப்பட்டதாகவும் பழைய குறிப்புகள் உண்டு. யானையைக் கடலில் கொண்டுசெல்லும் கலை இந்தியப் பெருங்கடலில் இருந்திருக்கிறது. குறுகிய தூரத்துக்கு மட்டும்.

செலூக்கியர்களுக்கும் இந்த வழி இலவசமாகக் கிடைத்ததன்று. 500 யானைகளுக்காக செலூக்கஸ் விட்டுக்கொடுத்தது காபூல், காந்தஹார் உள்ளிட்ட கிழக்கு மாகாணங்களை. அவற்றைத் தக்கவைக்கும் வலு அவருக்கு இருந்திருக்காது என்பது வேறு கணக்கு. ஓரொன்டஸ் நதிக்கரையில் அபமியாவில் அவர்கள் பெரிய யானைக் கொட்டாரம் அமைத்தனர். ஆனால் யானை சாகும், மூப்படையும், புண்படும். இழப்பை ஈடுகட்ட மறுபடி கிழக்கே போயாக வேண்டும். கி.மு. 206இல் மூன்றாம் அந்தியோக்கஸ் பாக்ட்ரியாவையும் காபூல் பள்ளத்தாக்கையும் கடந்து நேரிலேயே போய், அங்கிருந்த அரசர்களிடம் பெற்றவற்றையும் சேர்த்து 150 யானைகளோடு திரும்பினார். அதாவது, இருப்பை நிரப்ப ஒரு பேரரசர் ஆண்டுக்கணக்கில் படையெடுப்பு நடத்த வேண்டியிருந்தது. வழி நம்முடையது என்று இருந்தாலும் ஊற்று பிறர் கையில் இருந்தால் இப்படித்தான் ஆகும்.

கொட்டாரத்திலேயே இனப்பெருக்கம் செய்வது என்ற வழியை நீண்ட நேரம் ஆராயத் தேவையில்லை. பிடி (பெண் யானை) 22 மாதம் சூல் சுமக்கிறது; பிறந்த கன்று களத்துக்குத் தகுதியாக இருபது ஆண்டுகள் ஆகும்; அதுவரை அதற்குத் தீவனம் போட வேண்டும். யானைக்குப் பஞ்சமில்லாத இந்தியாவிலேயே அரசுகள் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. இருபது வயது யானையைக் கோடையில் காட்டிலிருந்து பிடிக்க வேண்டும், கன்றையும் சூலுற்ற பிடியையும் பால்கொடுக்கும் பிடியையும் பிடிக்கக் கூடாது என்று அர்த்தசாஸ்திரம் விதிக்கிறது. முதல் இருபது ஆண்டுத் தீவனச் செலவைக் காடே ஏற்றுக்கொள்ளட்டும் என்பதே அந்த விதியின் கணக்கு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை போர் வரும் ஓர் அரசுக்கு இதைவிட நல்ல கணக்கு இல்லை.

மீதமிருந்த பெரிய வழி, ஆப்பிரிக்கக் காட்டிலேயே பிடிப்பது. இரண்டாம் தாலமி இதைத்தான் தேர்ந்தெடுத்தார். கி.மு. 270ஐ ஒட்டி யூமெடிஸ் என்ற அதிகாரி, இன்றைய சூடானின் செங்கடற்கரையில், வேட்டைக்கான தாலமாயிஸ் என்ற குடியேற்றத்தை அமைத்தார். ஒரு தீபகற்பத்தைச் சத்தமில்லாமல் அகழியாலும் மதிலாலும் வளைத்துக்கொண்ட பிறகே, எதிர்த்திருக்கக்கூடிய அக்கம்பக்கத்தாரை அவர் நயந்து பேசி நண்பர்களாக்கினார் என்கிறார் ஸ்ட்ராபோ. யானைக்கு முன் மனிதர்களைப் பழக்க வேண்டியிருந்தது.

அந்த மனிதர்களோடு தாலமிக்கு இருந்த சிக்கல் சுவையானது. யானைக் கறியை உண்டு வாழ்ந்த வேட்டைக்குடிகள் அப்பகுதியில் இருந்தனர். மரத்தில் ஏறி அசையாமல் காத்திருந்து, யானை கீழே கடந்துபோகும் கணத்தில் அதன் வாலைப் பற்றித் தொங்கி, கால்களை அதன் தொடையில் ஊன்றிக்கொண்டு, கையிலுள்ள கோடரியால் பின்னங்கால் நரம்பை வெட்டிச் சாய்ப்பது அவர்களுடைய முறை. கொல்லாமல் உயிரோடு பிடித்துத் தந்தால் வேண்டியதெல்லாம் தருகிறோம் என்று அரசர் ஆளனுப்பினார். எகிப்து நாடு முழுவதையும் கொடுத்தாலும் எங்கள் வாழ்க்கையை மாற்றிக்கொள்ள மாட்டோம் என்று பதில் வந்தது. யானையை அணுவணுவாக அறிந்திருந்தவர்கள் அவர்களே; ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது கொல்வதற்கான அறிவு. பிடிப்பதற்கான அறிவை வேறெங்கிருந்தோதான் கொண்டுவர வேண்டியிருந்தது.

இந்தியாவில் அந்த அறிவு எப்படி இயங்கியது என்பதை மௌரிய அவைக்குத் தூதராக வந்த மெகஸ்தனிஸ் வழியாகக் கிரேக்கர்கள் அறிந்திருந்தனர். மரமில்லாத வெட்டவெளியைச் சுற்றி ஆழமான அகழி வெட்டி, உள்ளே போக ஒரு குறுகிய பாலம் மட்டும் வைத்து, பழக்கிய பிடிகள் மூன்று நான்கை உள்ளே விடுவார்கள். காட்டு யானைகள் இரவில் அவற்றின் வாடைக்கு வந்து பாலத்தைக் கடந்ததும் வழி அடைக்கப்படும். பின்னர் பட்டினி போட்டு, வலிமைமிக்க கும்கிகளை (பழக்கிய யானைகளை) கொண்டு மோதவிட்டுக் களைப்படையச் செய்வார்கள். துணிச்சல் மிக்க பாகர்கள் தங்கள் யானையின் வயிற்றடியில் நழுவி இறங்கி, காட்டு யானையின் கால்களைப் பிணைப்பார்கள். கழுத்தைச் சுற்றித் தோலைக் கீறி, அந்தக் கீறலிலேயே கயிறு பதியும்படி கட்டுவார்கள்; திமிறினால் வலிக்கும் என்பதால் யானை தலையைத் திருப்பாது. மிக மூத்ததையும் மிக இளையதையும் விட்டுவிட்டு, மற்றவற்றைக் கொட்டிலுக்குக் கொண்டுபோய்ப் பசுந்தழை ஊட்டி, பாட்டாலும் பறையொலியாலும் அமைதிப்படுத்துவார்கள். கொடுமையும் தாலாட்டும் ஒரே கையால் நடத்தப்பட்ட முறை அது. இதில் கவனிக்க வேண்டியது, யானை பிடிக்க யானையே தேவைப்படுகிறது என்பது. கும்கி இல்லாத இடத்தில் இந்த முறையின் முதுகெலும்பே இல்லை.

ஆப்பிரிக்காவில் கும்கி இல்லை. வட ஆப்பிரிக்க அரசர்கள் குதிரைப்படையால் மந்தையை விரட்டி, நீளமாக வெட்டிய பள்ளத்துக்குள் சிக்கவைத்து, பட்டினியால் அடக்கினார்கள் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். நீட்டிய கிளையை மனிதன் கையிலிருந்து அமைதியாக வாங்கிக்கொண்டால் யானை வழிக்கு வந்துவிட்டது என்று பொருள். இது எளிய முறை. ஆனால் மந்தையை வெறிகொண்டு விரட்டும்போதும் பட்டினி போடும்போதும் எத்தனை இறக்கும், எத்தனை முடமாகும் என்பதை யானை பிடிப்பை அறிந்த எவரும் ஊகிக்கலாம்.

பிடித்தபின் தொடங்கும் பயணமே தாலமியின் வழியைப் பிற வழிகளிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. யானை ஏற்றும் கப்பல்கள் அகன்றவை. பாரம் காரணமாக நீரில் ஆழ அமிழ்ந்து செல்பவை. துடுப்பில்லாமல் பாயை மட்டும் நம்பியவை. செங்கடலின் தென்பகுதி பவளத்திட்டுகளும் மணல்மேடுகளும் நிறைந்தது. வடபகுதியில் ஆண்டின் பெரும்பகுதி எதிர்க்காற்று. இரவில் பாய்விரித்துப் போகும் கப்பல் பாறையிலோ மணலிலோ ஏறிவிட்டால், ஆளுயரத்துக்கு மேல் தண்ணீர் இருப்பதால் இறங்கித் தள்ளவும் முடியாது. கழிகளால் உந்திப் பார்ப்பார்கள். உணவைத் தவிர அனைத்தையும் கடலில் எறிவார்கள். பிறகு அந்த உணவும் தீரும். டியோடோரஸ் வரைந்திருக்கும் இந்தக் காட்சி மிகையன்று என்பதற்கு ஒரு பாப்பிரஸ் கடிதம் சான்றாக நிற்கிறது. கி.மு. 224இல் எழுதப்பட்ட அக்கடிதம், வேட்டை நிலையத்தில் காத்திருந்தவர்களுக்கு, யானைக் கப்பல் மூழ்கிவிட்டதையும், வேறொரு கப்பல் தயாராகி வருவதையும், அவர்களை விடுவிக்க மாற்று ஆட்கள் புறப்படவிருப்பதையும் சொல்லி, மனம் தளர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறது. திட்டம் தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகும் நிலைமை அதுதான்.

எதிர்க்காற்றில் சூயஸ் வரை போவதைத் தவிர்க்கவே, தெற்கே பெரெனிகே என்ற துறைமுகத்தை இரண்டாம் தாலமி நிறுவினார். அங்கே இறக்கிய யானைகள், நைல் நதியை அடைய, கிணறு தோண்டிய பாலைவனப் பாதையில் பன்னிரண்டு நாள் அளவுக்கு நடந்தன. பின்னர் நதிவழியே வடக்கே போயின. வழியில் எல்-கனாயிஸ் என்ற இடத்தில், யானை வேட்டையிலிருந்து உயிரோடு திரும்பியதற்காகப் பான் தெய்வத்துக்கு நன்றி சொல்லிப் பாறையில் பொறித்துவைத்தவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவு செலவுக்குக் கிடைத்தது என்ன? கி.மு. 217இல் ராஃபியாவில் நான்காம் தாலமியின் 73 ஆப்பிரிக்க யானைகள், மூன்றாம் அந்தியோக்கஸின் 102 இந்திய யானைகளை எதிர்கொண்டன. மோதத் துணிந்தவை சிலவே. கொம்போடு கொம்பு கோத்து, நெற்றியால் முட்டித் தள்ளி, எதிரி சற்றே பக்கவாட்டில் திரும்பியதும் விலாவில் குத்தும் அந்தச் சண்டையைக் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் விவரிக்கிறார். மற்ற ஆப்பிரிக்க யானைகள், இந்திய யானைகளின் வாடையும் பிளிறலும் தாங்காமல், அவற்றின் உருவத்துக்கும் வலிமைக்கும் அஞ்சிப் பின்வாங்கின என்பது அவர் கருத்து. ஆப்பிரிக்க யானை சிறியது என்ற அவருடைய கூற்று நீண்ட விவாதத்தைக் கிளப்பியது. எரித்திரியாவில் இன்றும் எஞ்சியிருக்கும் யானைகளின் மரபணுவை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வு, அவை பெரிய உருவம் கொண்ட புல்வெளி யானை இனத்தைச் சேர்ந்தவை என்று காட்டியது. என் ஊகம் இது: கப்பலில் ஏற்ற முடிந்ததும், கும்கியின்றி அடக்க முடிந்ததும் இளம் யானைகளே. ராஃபியாவில் நின்றவற்றுள் பல முழு வளர்ச்சியடையாத, பயிற்சி குறைந்த யானைகளாக இருந்திருந்தால், பொலிபியஸ் கண்ட வேறுபாட்டுக்கு இனத்தைக் காரணம் காட்டத் தேவையில்லை.

இந்த இடத்தில், ரோமுக்கு எதிரியாக இருந்த வட ஆப்பிரிக்க நகர அரசான கார்த்தேஜை ஒப்பிடுவது பயன் தரும். அவர்களுடைய யானைக் காடு நடந்துபோகும் தொலைவில், அட்லஸ் மலையடிவாரத்தில் இருந்தது. கப்பலும் பாலைவனமும் தேவைப்படவில்லை. நகர மதிலுக்குள்ளேயே 300 யானைகளுக்குக் கொட்டில் இருந்ததாக அப்பியன் சொல்கிறார். கி.மு. 250இல் பனோர்மஸில் நூற்றுக்கு மேற்பட்ட யானைகளை ரோமர்களிடம் இழந்த கார்த்தேஜ், பத்தே ஆண்டுகளில் கூலிப்படைக் கலகத்தை அடக்க 70 யானைகளைத் தன் தளபதி ஹமில்காரிடம் கொடுக்க முடிந்தது. செலவு, வேகம் ஆகிய இரண்டிலும் இதற்கு ஈடான வழி மத்தியதரைக் கடல் உலகில் வேறில்லை.

ஆனால் எளிதில் கிடைத்தது அவர்களைப் பயிற்சியில் அவசரக்காரர்களாக்கியது. ரோமத் தளபதி சிப்பியோ ஆப்பிரிக்காவுக்கு வரப்போகிறார் என்ற செய்தி வந்தபின்தான் கார்த்தேஜின் தளபதியான கிஸ்கோவின் மகன் ஹஸ்த்ருபால் யானை பிடிக்க அனுப்பப்பட்டார். கி.மு. 202இல் ஜாமாவில் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலின் 80 யானைகளில் ஒரு பகுதி எக்காள ஒலிக்கே மிரண்டு, தம் குதிரைப்படையின் மேலேயே பாய்ந்ததில் வியப்பில்லை. அதே ஹன்னிபால் கி.மு. 218இல் ரோன் நதியைக் கடந்தபோது இருந்த 37 யானைகள் வேறு தரம். மிதவைகளின் மேல் மண்ணைக் கொட்டிக் கரைபோலத் தோன்றச் செய்து, இரண்டு பிடிகளை முன்னே நடத்தி, மற்றவற்றை ஏற்றினார்கள். தண்ணீரின் விளிம்பு வரை பாகனுக்குப் பணியும் யானை அதற்கு மேல் பணியாது என்பது தெரிந்தவர்கள் செய்த வேலை அது.

காட்டு யானையைச் சுமக்கவும் மண்டியிடவும் பழக்குவது மாதக் கணக்கு. எதிரே கல்லும் ஈட்டியும் பறக்கும்போது பின்னால் திரும்பாமல் நிற்கப் பழக்குவது ஆண்டுக் கணக்கு. கி.மு. 46இல் ஆப்பிரிக்காவில் சீசரை எதிர்த்த மெட்டெல்லஸ் சிப்பியோவின் பாசறையில் நடந்த பயிற்சி இதைத் தெளிவாகக் காட்டுகிறது. எதிரிபோல நிறுத்திய கவண்வீரர்கள் முன்னிருந்து சிறு கற்களை யானைகள் மேல் எறிவார்கள். மிரண்ட யானைகள் பின்னால் திரும்பியதும், பின்னே நிற்கும் சொந்த அணி கல்லெறிந்து அவற்றை மறுபடி எதிரியை நோக்கித் திருப்பும். இதை எழுதிவைத்தவரே, பல ஆண்டு பயிற்சிக்குப் பிறகும் யானை இரு தரப்புக்கும் பொதுவான ஆபத்தாகவே களத்துக்கு வருகிறது என்று அலுத்துக்கொள்கிறார். மெகாராவில் கீல் பூசிக் கொளுத்திய பன்றிகளைக் கண்டு தன் யானைகள் சிதறியோடியதைப் பார்த்த மாசிடோனிய அரசர் ஆண்டிகோனஸ் கோனடஸ், இனி யானைகளோடு பன்றிகளையும் சேர்த்து வளர்க்கும்படி பாகர்களுக்கு உத்தரவிட்டார். பயிற்சி என்றால் என்ன என்பதைப் புரிந்துகொண்ட உத்தரவு. கி.மு. 207இல் மெட்டாரஸில் ஹன்னிபாலின் தம்பி ஹஸ்த்ருபாலின் பாகர்கள் கையில் உளியும் சுத்தியலும் இருந்தன. கட்டுமீறிய யானையின் பிடரியில், தலையும் கழுத்தும் சேரும் இடத்தில், அதை அறைந்து கொல்வதற்காக. பயிற்சி தோற்கும் நேரத்துக்கான ஏற்பாட்டையும் சேர்த்தே யானைப் படையின் செலவில் எழுத வேண்டும்.

பாகன் விஷயத்தில் எகிப்து ஒன்றைச் சாதித்தது. யானைக்கு இந்திய மொழி மட்டுமே புரியும் என்று அதுவரை நம்பப்பட்டது என்றும், இரண்டாம் தாலமிக்குப் பரிசாக வந்த ஒரு கன்று கிரேக்கம் பேசுவோரிடையே வளர்ந்து கிரேக்கக் கட்டளையைப் புரிந்துகொண்டது என்றும் ஏலியன் சொல்கிறார். அரசரின் பெரும் ஊர்வலத்தில் 24 தேர்களை யானைகள் இழுத்தன. அணிவகுப்புக்கு இது போதும், ராஃபியாவுக்குப் போதவில்லை.

அப்படியானால் தாலமி வேறு என்ன செய்திருக்கலாம்? அவருடைய தந்தையின் விடையே அரண்மனையில் இருந்தது. காசாவில் முதலாம் தாலமி, இரும்பு முள் பதித்துச் சங்கிலியால் பிணைத்த தடுப்பை யானைகளின் பாதையில் விரித்தார். மென்மையான பாதத்தில் முள் ஏறியதும் யானைகள் நின்றுவிட்டன. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் மெகலோபொலிஸ் நகரில், அலெக்சாந்தரோடு ஆசியாவில் யானைகளைப் பார்த்துப் பழகிய டாமிஸ் என்பவர், ஆணி அறைந்த சட்டங்களை மண்ணில் மேலோட்டமாகப் புதைத்தே பொலிபெர்கோனின் யானைகளை முடக்கினார். இரும்பும் சில நாள் உழைப்பும் மட்டுமே செலவு. ராஃபியாவில் தாலமியின் வெற்றியைத் தீர்மானித்ததும் யானையன்று, காலாட்படை. அதற்கென்றே பயிற்சி பெற்ற 20,000 எகிப்தியர்களும் அதில் இருந்தனர். கி.மு. 270களில் வேட்டைத் திட்டம் நியாயமான முடிவுதான். மூன்றாம் தலைமுறையிலும் அதைத் தொடர்ந்தது பழக்கத்தின் வேகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தாலமிக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. வேட்டைக் கப்பல்கள் தந்தமும் கொண்டுவந்தன. உயிர் யானையால் வந்த நஷ்டத்தில் ஒரு பகுதியை அது ஈடுகட்டியிருக்கும். யானைக்காகக் கட்டிய பெரெனிகே, பிற்காலத்தில் ரோமர்களின் இந்திய வணிகத்துக்கு வாசலானது. அங்குள்ள கோயிலில் இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அகழ்வாய்வில் கிடைத்தது; கொற்றபூமான் என்று படிக்கப்படும் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடும் அங்கே கிடைத்ததுதான். யானை இறங்க வெட்டிய துறையில் தமிழ் வணிகர்கள் இறங்கினார்கள். ஆனால் இந்த லாபத்தைத் தாலமியின் முடிவுக்கு வரவு வைப்பது நேர்மையாகாது. அவர் அதை எதிர்பார்த்துச் செய்யவில்லை.

எல்லாரையும்விடக் குறைந்த செலவில் காரியத்தை முடித்தவர்கள் ரோமர்கள். தாங்கள் யானை சேர்ப்பதற்குப் பதிலாக, எதிரி சேர்க்காதபடி பார்த்துக்கொண்டார்கள். கி.மு. 201இல் கார்த்தேஜும், 188இல் அந்தியோக்கஸும் தம் யானைகளை ஒப்படைத்து, இனி வைத்திருப்பதில்லை என்று உடன்படிக்கை எழுதினார்கள். கி.மு. 162இல் சிரியாவில் மறுபடி யானைகள் இருப்பதை அறிந்த ரோமத் தூதர் ஆக்டேவியஸ், அவற்றின் கால் நரம்புகளை வெட்டச் செய்தார். அந்தக் காட்சியைப் பொறுக்காத நாட்டில் அவர் கொல்லப்பட்டார் என்பது இவ்வழிக்கும் ஒரு விலை இருந்ததைக் காட்டுகிறது. தமக்குத் தேவைப்பட்டபோது ரோமர்கள் நுமிடிய அரசரிடம் சில யானைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கி.மு. 153இல் நுமான்சியாவுக்கு மசினிசா அனுப்பியவை பத்து. மதிலிலிருந்து விழுந்த ஒரு கல் தலையில் பட்டதும் அவற்றில் ஒன்று வெறிகொள்ள, மற்றவையும் திரும்பி ரோமர்களையே மிதித்தன. சீசர் கி.மு. 46இல் இத்தாலியிலிருந்து வரவழைத்த யானைகளைப் போரில் இறக்கவேயில்லை; தம் வீரர்கள் அவற்றைத் தொட்டுப் பார்த்து எங்கே குத்த வேண்டும் என்று கற்கவும், குதிரைகள் அந்த வாடைக்குப் பழகவும் மட்டுமே வைத்திருந்தார். தாப்ஸஸில் எதிரியின் யானைகள் அம்புக்கும் கவண்கல்லுக்கும் திரும்பியோடியபோது, சீசரின் குதிரைகள் மிரளவில்லை.